சுவர், குழி, தொட்டி: மேல்விஷாரத்தில் பார்க்க வேண்டிய கட்டடங்கள்

வேலூர்ப் பக்கம் யார் வந்தாலும் கையில் ஒரே பட்டியலைத்தான் கொடுக்கிறார்கள். கோட்டை. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில், திப்பு மகால், ஹைதர் மகால், 1846-இல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் தேவாலயம், மியூசியம். ஆற்காட்டுக்கு வந்தால் டெல்லி கேட், பச்சைக்கல் மசூதி. பாலாற்றைத் தாண்டி ராணிப்பேட்டைக்குப் போனால் தேசிங்கு ராஜாவுக்கும் அவன் மனைவிக்கும் எழுப்பிய நினைவு மண்டபங்கள். பசித்தால் ஆம்பூர் பிரியாணி. வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் நடுவில் மேல்விஷாரம் என்று ஒரு ஊர் இருக்கிறது. பஸ் நிற்கும். ஜன்னல் வழியாகத் தோல் நாற்றம் வரும். பிரயாணிகள் மூக்கைப் பொத்துவார்கள். பஸ் போய்விடும். பட்டியலில் இந்த ஊர் கிடையாது.

சென்ற மாதம் கல்லூரி மாணவர்கள் நாலு பேர் என்னைத் தேடி வந்தார்கள். 'பாரம்பரியக் கட்டடங்கள்' என்று ஒரு வேலை கொடுத்திருக்கிறார்களாம். மேல்விஷாரத்தில் பார்க்கிற மாதிரி என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் முந்திக்கொண்டார். அவர் முப்பது வருஷம் தோல் கம்பெனியில் வேலை செய்தவர். "இங்க இன்னா கீது தம்பி? எதுனா பாக்கணும்னா கோட்டைக்குப் போங்க. இங்க கீறதெல்லாம் நாத்தந்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் உழைப்பால் எழுந்த ஊரில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று ஒருவரைச் சொல்ல வைத்தது எது? அதைப்பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கோட்டைக்கே போவோம். அதை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. 133 ஏக்கர், சுற்றிலும் அகழி, கருங்கல் மதில். பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்ட பொம்மி நாயக்கன், திம்மா ரெட்டி கட்டியது என்று போர்டில் எழுதியிருக்கும். கல் உடைத்தவன், கல் சுமந்தவன், அகழி வெட்டியவன் எந்தச் சேரியிலிருந்து வந்தான் என்று எந்தப் போர்டும் சொல்லாது. இது நமக்குப் பழகிப்போன விஷயம். மேலே போவோம்.

கோட்டையின் பெருமை 1806 ஜூலை 10. சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து வெள்ளைச் சிப்பாய்களைக் கொன்றார்கள், திப்புவின் கொடியை ஏற்றினார்கள், மறுபடி பிடிபட்டுப் பீரங்கி வாயில் கட்டப்பட்டுச் செத்தார்கள். பள்ளிப் புத்தகத்தில் காரணம் எழுதியிருக்கிறது: நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகை போட வேண்டும். அந்தத் தலைப்பாகையில் தோலால் செய்த ஒரு குஞ்சம் இருந்தது. இந்துச் சிப்பாய் பசுத்தோல் என்று பயந்தான், முஸ்லிம் சிப்பாய் பன்றித்தோல் என்று பயந்தான். இதைப் படிக்கும்போதெல்லாம் தோல் பதனிடுகிற ஊரிலிருந்து வந்தவனுக்கு ஒரு மாதிரி இருக்கும். அந்தக் கலகத்தில் வெள்ளைக்காரனுக்கு எதிரான மானம் இருந்தது. அதை நாம் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. அதே சமயம் தோல் தலைக்கு ஏறக்கூடாது என்ற எண்ணமும் அதற்குள் இருந்தது. தோல் காலில் செருப்பாகக் கிடக்கலாம், குதிரைக்குச் சேணமாகலாம், தண்ணீர் இறைக்கிற சாலாகலாம். தலைக்கு வந்தால் தீட்டு. அப்படியானால் அந்தத் தோலைத் தொட்டு உரித்துப் பதப்படுத்தியவன் எந்த இடத்தில் நின்றான்? நூற்றாண்டு விழா, இருநூற்றாண்டு விழா எதிலும் இந்தக் கேள்வி எழும்பவில்லை.

கோட்டைக்குள் இன்னொன்றையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். கோயிலும் இருக்கிறது, மசூதியும் இருக்கிறது, தேவாலயமும் இருக்கிறது, மத ஒற்றுமைக்கு அடையாளம் என்று வழிகாட்டிகள் உருகுவார்கள். கோயிலில் நூற்றாண்டுக் கணக்கில் மூலவர் இல்லை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்த அந்தக் கோயிலுக்குள் 1981 மார்ச்சில் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். பூஜை தொடங்கியது, இன்றுவரை நடக்கிறது. மசூதியில் தொழுகைக்கு அனுமதி கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே மதிலுக்குள், ஒரே துறையின் கீழ், இரண்டு சட்டம். இது ஒற்றுமைக்கு அடையாளமென்றால் எங்கள் ஊர் இரட்டைக் குவளையும் ஒற்றுமைக்கு அடையாளந்தான்: இரண்டு டம்ளரும் ஒரே கடையில்தானே இருந்தன.

இனி மேல்விஷாரம்.

நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் மசூதிகளின் மினார்கள் தெரியும். பழைய தெருக்களில் தோல் வியாபாரக் குடும்பங்களின் வீடுகள். உயர்ந்த படிகள், தேக்குக் கதவுகள், உள்ளே முற்றம். இந்த ஊரில் பிறந்த சி. அப்துல் ஹக்கீம் தோல் வியாபாரத்தில் சம்பாதித்து, சென்னையில் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே வழிப்போக்கர்கள் தங்க சித்திக் சராய் கட்டினார். அவர் பெயரில் 1965-இல் மேல்விஷாரத்தில் கல்லூரி வந்தது, 1998-இல் பொறியியல் கல்லூரி வந்தது. வாணியம்பாடியில் 1919-இலேயே இஸ்லாமியா கல்லூரி. பாலாற்றங்கரையில் தோலில் வந்த பணம் இப்படி ஊருக்கு ஊர் கல்விக்கூடமாக நிற்கிறது. இதைச் சும்மா சொல்லவில்லை. தோலைத் தொட்டால் தீட்டு என்று சாதி இந்துக்கள் ஒதுங்கிய தொழிலை முஸ்லிம்கள் எடுத்து நடத்தினார்கள். சம்பாதித்ததில் ஒரு பங்கைக் கல்லூரியாகக் கட்டினார்கள். அந்தக் கல்லூரிகளில் நம் பிள்ளைகளும் படித்து வெளியே வந்திருக்கிறார்கள். கோயில் நிலமாக ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கிற மடங்களையும் ஆதீனங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

ஆனால் முதலாளி ஒதுங்காமல் எடுத்துக்கொண்டது வியாபாரத்தை. தோலைக் கையால் தொட்டது யார்? குழியில் இறங்கியது யார்? அதற்கு மேல்விஷாரத்தின் இரண்டாவது கட்டடத்துக்கு வரவேண்டும். அதுதான் டேனரி.

கட்டடக்கலை என்று பேசுகிறவர்கள் யாராவது பழைய டேனரி ஒன்றை உட்கார்ந்து வரைந்திருக்கிறார்களா? எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தின் உண்மையான கட்டடக்கலை அதுதான். வெளியே உயர்ந்த மதில். தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. ஒரு பெரிய கேட், அதில் ஆள் குனிந்து நுழைகிற சின்னக் கதவு. உள்ளே ஓட்டுக் கூரைக்குக் கீழே வரிசை வரிசையாகக் குழிகள். முதல் வரிசை தோலை ஊறவைக்கிற தண்ணீர்க் குழி. அடுத்தது சுண்ணாம்புக் குழி. நாட்கணக்கில் தோல் அதில் கிடக்கும். மயிர் இளகும். எடுத்து வளைந்த பலகைமேல் போட்டு இரண்டு கைப்பிடி வைத்த கத்தியால் மயிரையும், பிறகு மறுபக்கம் ஒட்டியிருக்கும் சதையையும் சீவ வேண்டும். அதற்கப்புறம் பட்டைக் குழி. ஆவாரம் பட்டையை இடித்து ஊறவைத்த செந்தண்ணீர். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். ஒரு மாட்டுத்தோல் முழுதாகப் பதப்பட்டு வெளியே வர ஒரு மாதத்துக்கு மேலாகும். பிறகு எண்ணெய் தடவி மாடிக்கு ஏற்றுவார்கள்.

அந்த மாடியைத்தான் நான் மாணவர்களுக்குக் காட்ட விரும்புவது. தோலை வெயிலில் போட்டால் விறைத்துப்போகும், வெடிக்கும். நிழலில், காற்றில் காய வேண்டும். அதனால் மாடி முழுக்க ஒரே கூடம். நாலு பக்கமும் சுவருக்குப் பதில் மரச்சட்டங்கள், சாய்வான பலகைகள். காற்று வரும், வெயில் வராது. காற்று அதிகமானால் ஒரு பக்கப் பலகையைச் சாத்த வேண்டும், மழை ஈரம் இருந்தால் இன்னொரு பக்கத்தைத் திறக்க வேண்டும். எப்போது எதைத் திறப்பது என்று தெரிந்தவன் மேஸ்திரி கூட இல்லை, அன்றாடக் கூலி. அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. பெரியவரை மறுபடி கேட்டேன். "காத்து மூஞ்சில பட்டா தெரியும் தம்பி. மேக்கால காத்து வந்துச்சுன்னா இந்தாண்ட சாத்திடணும். இல்லன்னா தோலு முறுக்கிக்கும், மொதலாளி கத்துவாரு." இப்போது சொல்லுங்கள், பார்க்க ஒன்றுமில்லாத ஊரா இது? நல்ல காற்றோட்டமான கட்டடம் எப்படிக் கட்டுவது என்று சென்னையில் வகுப்பு நடத்துகிறார்கள். தோலுக்குக் காற்று வேண்டும் என்று யோசித்துக் கட்டிய அதே ஆள், கீழே குழியில் நிற்கிறவனுக்குக் காற்று வேண்டும் என்று யோசிக்கவில்லை. மாடி தோலுக்கு, கீழ்த்தளம் மனிதனுக்கு. அந்த வரைபடத்தில் சாதியைத் தனியாக எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

என் நைனா இருபது வருஷத்துக்கு மேல் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, எல்லாம் ஒன்றுதான். காலில் ரப்பர் செருப்பு கூடக் கிடையாது. விரலிடுக்கெல்லாம் வெள்ளையாகப் புண்ணாகி இருக்கும். ராத்திரி தேங்காயெண்ணெய் போட்டுக்கொண்டு திண்ணையில் காலை நீட்டிப் படுப்பார். எங்கள் வீட்டுத் திண்ணையின் நீளம் அவர் காலை நீட்டுகிற அளவுதான். அதற்குமேல் இடம் விட அரசாங்கத்துத் தொகுப்பு வீட்டுத் திட்டத்தில் வழியில்லை.

பட்டைக் குழி காலம் போய் குரோம் காலம் வந்தது. இதில் அரசுக்கும் பங்கு உண்டு. பதப்படுத்தாத தோலையும் பாதி பதப்படுத்திய தோலையும் ஏற்றுமதி செய்யாமல், முடித்த தோலாகவும் ஷூவாகவும் அனுப்பினால் டாலர் அதிகம் வரும் என்று 1970களின் தொடக்கத்தில் மத்திய அரசு கொள்கை மாற்றியது. ஒரு மாத வேலை சில நாளில் முடிய வேண்டும். ஆவாரம் பட்டைக்குப் பதில் குரோமிய உப்பு. குழிக்குப் பதில் சுழலும் மர டிரம். ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் கம்பெனி அந்த உப்பைத் தயாரித்துக் கொடுத்தது. 1990களின் நடுவில் அதை மூடிவிட்டுப் போனார்கள். விட்டுப்போனது சுமார் ஒன்றரை லட்சம் டன் குரோமியக் கழிவு, திறந்த வெளியில், மலைபோல. மழை பெய்தால் மஞ்சளாகத் தண்ணீர் வழியும். 2006-இல் உலகத்திலேயே மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையை ஒரு அமெரிக்க அமைப்பு சேர்த்தது. ஆக எங்கள் வட்டாரமும் ஒரு உலகப் பட்டியலில் இடம்பிடித்தது. கோட்டை, டெல்லி கேட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

பாலாறு செத்ததைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவனே பணம் கட்ட வேண்டும் என்பதை இந்த நாட்டின் சட்டமாக்கிய தீர்ப்பு அது. சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். டேனரி ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டார்கள். நிலம் கெட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு கணக்கிட ஒரு ஆணையம் வந்தது. சரி. நிலத்துக்கு இழப்பீடு என்றால் நிலம் வைத்திருந்தவனுக்குத்தான் போகும். அந்த நிலத்தில் நடவு நட்ட பொம்பளைக்கு? பஞ்சமி நிலத்தை எப்போதோ பிடுங்கிக்கொண்டு விட்டதால் பட்டாவே இல்லாத சேரிக்கு? நாற்று நடவும் போச்சு, கிணற்றுத் தண்ணீரும் போச்சு, போக்கிடம் அதே டேனரி. டேனரிக்குச் சீல் வைத்தபோது முதலில் தெருவுக்கு வந்ததும் அதே கூலிக்காரன்தான். 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றைப் பற்றி இன்னொரு தீர்ப்பு கொடுத்திருக்கிறது. இழப்பீட்டைக் கொடு, குழு போடு, ஆற்றைச் சரிசெய் என்று. முதல் தீர்ப்புக்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவில் இருபத்தெட்டு வருஷம். அப்போது பிறந்த பிள்ளை இப்போது ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும்.

அந்த வழக்குக் காலத்தில் எழுந்த கட்டடம் ஒன்று இருக்கிறது: பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். மேல்விஷாரத்திலும் உண்டு, ராணிப்பேட்டையிலும் உண்டு, ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உண்டு. எல்லாக் கம்பெனிக் கழிவும் குழாயில் அங்கே வரும், தொட்டி தொட்டியாகத் தங்கும், அடியில் சேறு நிற்கும். 2015 ஜனவரி 31, விடிவதற்கு வெகுமுன்னால், ராணிப்பேட்டை சிட்கோவில் அந்த மாதிரிச் சேற்றுத் தொட்டி ஒன்றின் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரிக்குள் படுத்திருந்த தொழிலாளர்கள்மேல் சேறு பாய்ந்தது. 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எங்கள் நைனா தலைமுறை குழியிலிருந்து வெளியேற ஆரம்பித்ததும் முதலாளிகள் ரயில் ஏறி வந்தவர்களை உள்ளே இறக்கினார்கள். வேலை செய்த இடத்திலேயே தூங்கினார்கள், தூங்கிய இடத்திலேயே மூழ்கினார்கள். எந்தத் தமிழ்த் தேசியவாதிக்கும் அது தன் வீட்டுச் சாவு இல்லை. 'வடக்கன்' என்று ஏளனம் பேசுகிற நம் சேரி இளைஞர்களிடமும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: தம்பி, அவன் படுத்திருந்தது உங்க தாத்தா நின்ன குழி.

சுவர் என்று வந்துவிட்டபிறகு, இந்த நாட்டில் தலித்துகள் பார்க்க வேண்டிய கட்டடக்கலை பெரும்பாலும் சுவர்தான் என்று தோன்றுகிறது. உத்தபுரத்தில் எழுப்பிய தீண்டாமைச் சுவரில் 2008 மே மாதம் ஒரு துண்டை இடித்தார்கள். மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு பணக்காரனின் சுற்றுச்சுவர், கருங்கல்லில் உயர்த்தியது, 2019 டிசம்பர் 2-இல் மழையில் சரிந்து அருந்ததியர் குடியிருப்பில் 17 பேரைக் கொன்றது. செருப்பு தைத்த சாதியின்மேல் சுவர் விழுகிறது, தோல் பதனிடுகிறவன்மேல் தொட்டி உடைகிறது. பொறியாளர்கள் இதை அஸ்திவாரக் கோளாறு என்பார்கள். நாமும் அதையேதான் சொல்கிறோம்.

பாலமும் உண்டு. வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் பாலாற்றின் மேலே ஒரு பாலம். 2019 ஆகஸ்டில் ஒரு தலித் பிணத்தைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக, வழியிலிருந்த நிலக்காரர்கள் விடவில்லை. பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பாடையை ஆற்றுக்குள் இறக்கினார்கள். வீடியோ வெளியானபிறகு உயர் நீதிமன்றம் தானே வழக்கு எடுத்தது. வண்டி போவதற்குக் கட்டிய பாலத்தை நம்மவன் பிணம் இறக்கவும் பயன்படுத்திக் காட்டினான். அரசுப் பொதுப்பணித் துறை தன் சாதனைப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒரு தோழர் என்னிடம் கேட்டதை எழுத வேண்டும். "டேனரி முதலாளி சாயபு. நீங்கள் டேனரியைத் திட்டினால் அது காவிக்காரனுக்குத்தானே லாபம்?" நியாயமான கேள்வி. 1992-க்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்காமல் நாம் எதையும் எழுத முடியாது. மேல்விஷாரத்தில் இது வெறும் தத்துவம் கிடையாது. கீழ்விஷாரம் பகுதியை நகராட்சியிலிருந்து பிரித்துத் தனி ஊராட்சியாக்க வேண்டும் என்ற கோரிக்கை பல வருஷமாக இருக்கிறது. தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு என்று அடித்தட்டு மக்களுக்கு இருந்த குறையை, வெளியிலிருந்து வந்த சிலர் 'முஸ்லிம் நகராட்சி இந்துக்களை ஒடுக்குகிறது' என்று மாற்றி நாடு முழுக்கப் பேசினார்கள். சேரிக்காரன் தேர்தல் நேரத்தில் இந்து, வழக்குப் போடும் நேரத்தில் இந்து, பிணம் தூக்கும்போது மட்டும் பறையன். நாராயணபுரத்தில் வழியை மறித்தவன் எந்த மதம் என்று இவர்களைக் கேளுங்கள்.

அதனால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? கூடாது. சாக்கடை கேட்பவன் சாக்கடைதான் கேட்கிறான். முதலாளியிடம் கையுறையும் பூட்ஸும் பி.எஃப்-பும் கேட்கிறவன் அவன் தொழுகையில் குறுக்கிடவில்லை. நாம் கேட்காமல் விட்டால் அந்த இடத்தில் காவிக்கொடி வந்து நிற்கும். ஏற்கனவே நிற்கிறது. முஸ்லிம் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: மாட்டுக்கறியில் நாமிருவரும் ஒன்று, மாட்டுத்தோலில் மட்டும் மேலே கீழே என்றால் அந்த ஒற்றுமை பந்தியோடு முடிந்துவிடும். 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் ஆம்பூர் பிரியாணித் திருவிழா என்று அறிவித்துவிட்டு மாட்டுக்கறிப் பிரியாணியை மட்டும் விலக்கியபோது இரண்டு பேரும் சேர்ந்துதான் எதிர்த்தோம். எஸ்.சி./எஸ்.டி. ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அப்புறம் மழை என்று சொல்லித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். மழைக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி வித்தியாசம் இல்லை போலிருக்கிறது. அந்த ஒற்றுமையைக் கேட்டுக்கு உள்ளேயும் கொண்டுபோக முடியாதா?

இன்னும் ஒரு கட்டடம் பாக்கி. அளவில் சின்னது, தமிழ்நாட்டில் எங்கும் பார்க்கலாம்: கம்பிக் கூண்டுக்குள் அம்பேத்கர் சிலை. பீடம் நாலடி, சிலை ஆளுயரம், சுற்றிலும் இரும்புக் கம்பி, பூட்டு, சாவி போலீஸிடமோ தாசில்தாரிடமோ. பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் திறப்பார்கள். சட்டம் எழுதியவரைச் சட்டம் ஒழுங்குக்காகப் பூட்டி வைத்த கட்டடக்கலை வேறெந்த தேசத்தில் இருக்கிறது? ஒரு காலத்தில் இந்த மாவட்டத்துக்கே அவர் பெயர். 1989-இல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' ஆக்கினார்கள். பஸ் போர்டிலும் ரேஷன் கார்டிலும் கோர்ட் தீர்ப்பிலும் அந்தப் பெயர் இருந்தது. 1990களின் பிற்பாதியில், சாதிக் கலவரம் வருகிறது, எல்லாத் தலைவர் பெயரையும் எடுக்கிறோம் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். பிறகு 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது. தேசிங்கு ராஜாவின் ராணி உடன்கட்டை ஏறியதன் நினைவாக ராணிப்பேட்டை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அம்பேத்கரின் பெயரை எடுத்துவிட்டு உடன்கட்டையின் பெயரைப் பலகையில் வைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால் கலவரம் எதுவும் வரவில்லை.

அந்த நாலு மாணவர்களையும் கடைசியில் நானே கூட்டிக்கொண்டு போனேன். பெரியவரும் வந்தார். மூடிக்கிடக்கிற ஒரு பழைய டேனரி. பாதியை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டப் போகிறார்களாம். வாட்ச்மேன் தெரிந்தவர், விட்டார். குழிகளில் மண் விழுந்து எருக்கு முளைத்திருந்தது. மாடியில் பலகைகள் பாதி இல்லை. பெரியவர் கம்பத்துக்கு கம்பம் கையால் தடவிக்கொண்டே போனார். ஒரு குழியின் விளிம்பில் நின்று, இது மூன்றாவது, இங்கேதான் உங்க நைனா நிப்பார் என்றார். எனக்குத் தெரியாது. அவர் வேலை செய்கிற இடத்துக்குள் சின்ன வயதில் என்னை விட்டதே இல்லை. மாணவர்கள் டேப் பிடித்து அளந்தார்கள். நீளம், அகலம், ஆழம். ஆழம் என் நெஞ்சு வரை வந்தது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி மாணவர்கள் யாராவது இந்த வேலையைத் தொடரலாம். டேனரிகள் வேகமாக இடிபடுகின்றன. இடிப்பதற்கு முன்னால் குழிகளை எண்ணுங்கள், மாடிப் பலகைகளை வரைந்துகொள்ளுங்கள், எந்தக் குழியில் யார் நின்றார்கள் என்று உயிரோடு இருப்பவர்களிடம் கேட்டு எழுதுங்கள். ராணிப்பேட்டை சிட்கோவில் அந்தச் சுவர் உடைந்த இடத்தில் பத்துப் பேர் பெயரையும் தமிழிலும் வங்காளியிலும் பொறித்து ஒரு கல் நட வேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கு மனுக் கொடுங்கள், ஜனவரி 31-க்கு முன்னால். நடக்கிற டேனரிக்குள் போனால் தொழிலாளர் முகத்தைப் படம் எடுக்காதீர்கள், மறுநாள் அவர்களுக்கு வேலை இருக்காது. காலையில் சீக்கிரம் போங்கள். பத்து மணிக்குமேல் வெயில் ஏறிவிட்டால் குழிப்பக்கம் நிற்க முடியாது. கூட ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், டீ வாங்கிக் கொடுங்கள், அவர் கால் நோகுமுன் திரும்பிவிடுங்கள்.